நூல் இல்லை, புழு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே ஒரு புடவை சொன்ன தேதிக்குத் தயாராகாததால்தான். தேடிப் போய் எடுத்தது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் அடியில், ஒரு தையல் மெஷினும் ஒரு ஆளும் மட்டும் அடங்குகிற இடத்தில் ஷகீலா புடவைகளுக்கு ஃபால்ஸ், பிக்கோ அடித்துக் கொடுக்கிறார். தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டவேண்டிய புடவை அவரிடம் இருந்தது. இரண்டு முறை அலைந்துவிட்டேன். மூன்றாவது முறை, சண்டை போடும் உத்தேசத்தோடுதான் அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

"மன்ச்சிக்கோங்க மேடம்," என்றார் ஷகீலா. "வூட்ல புறாங்களுக்கு வயித்துல பூச்சி."

தையல்காரர்களிடம் நான் கேட்ட சாக்குகள் ஏராளம். கரண்ட் இல்லை, மெஷின் ரிப்பேர், ஒன்றுவிட்ட பெரியப்பா தவறிவிட்டார் (ஒரே பெரியப்பா இரண்டு முறை). இது புதிது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். புடவை மறந்தே போயிற்று.

எழுத எழுத, ஒவ்வொரு பகுதியாகக் கொண்டுபோய் ஷகீலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தைத்துக்கொண்டே கேட்பார். பிடிக்காத இடம் வந்தால் மெஷின் நிற்கும். அப்படி நின்ற இடங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

"மயிலாப்பூரின் மாலை வானில் சூரியன் பொன்னை உருக்கி ஊற்ற, அந்தப் பதினெட்டுப் புறாக்களும் ஒருசேரச் சிறகு விரித்து—"

மெஷின் நின்றது. "சாயங்காலம் யாரு மேடம் வுடுவா? காலைலதான தொறந்து வுடுவாரு. சாயங்காலம் பருந்து சுத்திக்கினு இருக்கும்."

இரண்டாம் தொடக்கம்:

"கட்டிய மனைவியைவிடத் தன் புறாக்களையே அதிகம் நேசித்த பீர் முஹம்மது—"

மெஷின் நின்றது. ஷகீலா ஊசியிலிருந்து துணியை எடுக்காமல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானே அடித்துவிட்டேன்.

ஆகவே மூன்றாவது தொடக்கம், அலங்காரம் இல்லாமல்:

ஷகீலாவின் கணவர் பீர் முஹம்மது, தரமணிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். வீடு கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். கீழே ஓர் அறையும் சமையற்கட்டும். மேலே மொட்டை மாடி, அதில் அவருடைய புறாக் கூண்டு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியும் ஷகீலா ஒரு புறாவைக்கூடத் தொட்டதில்லை. வெறுப்பு ஒன்றும் கிடையாது, பயம். படபடவென்று ஒன்று முகத்துக்கு நேரே எழும்பினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். துணி காயப்போட மாடிக்குப் போனாலும் கூண்டுக்கு முதுகைக் காட்டியபடியே போய் அப்படியே இறங்கி வருவார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்த ஏணியிலிருந்து பீர் முஹம்மது வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. இரண்டு மாதத்துக்குப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தொட்டி மேல இன்னா வேல உனக்கு?" என்று ஆஸ்பத்திரியிலேயே ஷகீலா கேட்டார்.

"தண்ணி ரொம்பிச்சான்னு பாக்கப் போனேன்," என்றார் அவர்.

3

அப்படித்தான் ஷகீலா கூண்டின் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. கையில் தானியக் கிண்ணம், இன்னொரு கையில் செல்போன். கீழே கட்டிலில் படுத்திருக்கும் கணவர் வீடியோவில்.

"உன் மூஞ்சியக் காட்டாதமே. கூண்டக் காட்டு."

"கூண்டு என் பின்னால கீது."

"அப்ப திரும்பு."

"திரும்ப மாட்டேன். நீ பாத்துக்கோ, நான் கைய மட்டும் பின்னால நீட்றேன்."

இப்படி முதல் நாள். அவர் ஒவ்வொரு புறாவையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். போனில் வரும் அந்தக் குரலுக்கு அவை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். கடைசியில், "சுர்மா எங்க? சுர்மாவக் காட்டு," என்பார். வெள்ளைப் பெட்டைப் புறா. கண்ணைச் சுற்றி மட்டும் சுர்மா மை தீட்டியதுபோல் கறுப்பு வளையம். அதனால் அந்தப் பேர். நெல்லூரில் கொண்டுபோய் விட்டால் மத்தியானத் தொழுகைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும் என்று அவருக்குப் பெருமை.

ஷகீலா தனக்குத் தோன்றிய விதத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவை ஒரு சாண் திறந்து, தட்டில் போடப் பயந்துகொண்டு தானியத்தைத் தரையிலேயே வீசிவிட்டு மூடிவிடுவார். வீடு வாசலைத் துடைத்தே பழகிய கை. எச்சத்தின் நாற்றம் அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியிலிருந்தே வாளி வாளியாகத் தண்ணீரை அடித்துக் கூண்டுத் தரையைத் தினமும் கழுவினார். பிறகு அங்கேயே நிழலில் உட்கார்ந்து, தைத்து முடித்த புடவைகளில் தொங்கும் நூல்களைக் கத்தரிப்பார். கீழே படுத்திருக்கும் கணவருக்குப் புறாச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்திருப்பார்.

(வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தக் கதையில் சாகசம் என்று இருப்பதெல்லாம் ஈரம், எச்சம், தானியம் இவற்றிலிருந்து வருவதுதான். இதைவிட நல்ல பொருள்கள் எனக்குக் கிடைக்கவில்லை.)

4

ஒரு நாள் காலை கூண்டுத் தரையில், எச்சத்துக்கு நடுவே, விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று கிடந்தது.

நூல்.

ஷகீலாவுக்குச் சந்தேகமே வரவில்லை. இருபது வருஷமாக நூலோடு வாழ்கிறவர். முந்தின நாள் கத்தரித்ததும் வெள்ளைப் புடவைதான். காற்றில் பறந்து உள்ளே போயிருக்கிறது, புறா தின்றிருக்கிறது, பின்னால் வந்திருக்கிறது. வெளியே வந்தது இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும்? தேடினார். மூலையில் சுர்மா உடம்பை உப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மற்றவை தானியத்துக்கு அடித்துக்கொண்டபோது அது எழுந்திருக்கவே இல்லை.

அன்றும் மறுநாளும் ஷகீலா போனைச் சுர்மாவின் பக்கம் திருப்பவில்லை.

"சுர்மா எங்கமே?"

"முட்டைக்கு உக்காந்துகினு கீது போல. உள்ள கீது."

பொய். ஷகீலாவுக்குத் தன் குரலே கேட்கச் சகிக்கவில்லையாம். இரவில் சோறு இறங்கவில்லை. புறாவைத் தொடப் பயந்தவள் அதைக் கொன்றே விட்டாள் என்று கணவர் நினைக்க மாட்டார். ஆனால் அது என் நூல்தான் என்று எனக்குத் தெரியுமே, என்று ஷகீலா எண்ணி எண்ணி மருகியிருக்கிறார். கடையில் வேலை ஓடவில்லை. (என் புடவை நின்றது இந்த நாட்களில்தான்.)

மூன்றாம் நாள் ஒரு தென்னங்குச்சியை எடுத்துக்கொண்டு போனார். புதிதாக விழுந்த எச்சத்தில் இன்னொரு நூல். குச்சியால் மெல்ல இழுத்தார்.

நூல் நெளிந்தது.

இங்கே நான் எழுதியிருந்தது: "ஷகீலாவின் உடம்பு அருவருப்பில் கூசியது. அவள்—"

மெஷின் நின்றது. "இன்னா அருவருப்பு? நான் அங்கியே உக்காந்துட்டேன் மேடம். அல்ஹம்துலில்லாஹ், நூல் இல்ல, புழுதான்னு சொல்லி அழுதுட்டேன். அப்பால சிரிச்சிட்டேன். செங்கல்லு மேல போன் ஆன்லதான் இருந்திச்சி. அவரு கீழேந்து, 'இன்னாமே ஆச்சி? எதுக்கு சிரிக்கிற?'ன்னு கத்திக்கினு கீறாரு."

ஒரு குடற்புழுவைப் பார்த்து இறைவனுக்கு நன்றி சொன்ன ஒருவரை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாது. அந்தப் பத்தியை அவர் சொன்னபடியே விட்டுவிடுகிறேன்.

5

அடையாறில் பறவைகளையும் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, எச்சத்தையும் புழுவையும் ஒரு பட்டன் டப்பாவில் போட்டுக்கொண்டு ஷகீலா பஸ் ஏறினார்.

பக்கத்து சீட் அம்மாள் டப்பாவைப் பார்த்து, "பட்டன் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாராம். "வூட்லதான் கெடந்திச்சி," என்றிருக்கிறார் ஷகீலா.

டாக்டர் மதுமதி சின்ன வயசு. நாய்களும் பூனைகளும் உறுமிக்கொண்டிருந்த வரிசையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஷகீலாவையும் பார்க்கச் சொன்னார். முட்டை முட்டையாகத் தெரிந்தது.

"உருண்டைப் புழும்மா. குடல்லதான் குடியிருக்கும். பறவை சாப்பிடறதை இது சாப்பிடும். ரொம்பப் பெருகிட்டா குடலையே அடைச்சிடும். நீங்க சொன்ன அந்த வெள்ளைப் புறா மெலிஞ்சு போச்சா?"

"எந்திரிக்கவே மாட்டேங்குது."

"அதுக்குத்தான் அதிகமா இருக்கும். ஆனா ஒண்ணுக்கு இருந்தா எல்லாத்துக்கும் இருக்கும். எச்சத்துல புழு முட்டை வெளிய வரும். கீழ ஈரமா இருந்தா ரெண்டு வாரத்துல அந்த முட்டை உள்ளயே குஞ்சுப்புழு தயாராயிடும். தரையில கிடக்கிற தானியத்தைக் கொத்தும்போது அதுவும் உள்ள போயிடும்."

ஷகீலாவுக்கு வாளி ஞாபகம் வந்தது. தரையில் வீசிய கம்பும் சோளமும் ஞாபகம் வந்தன.

"நான்தான் டாக்டர். தெனம் தண்ணி ஊத்திக் கழுவினேன். தானியத்தத் தரைலதான் போட்டேன்."

"அதனால அதிகமாகியிருக்கலாம். இனிமே கழுவாதீங்க, காய வச்சுச் சுரண்டி எடுங்க. தட்டுல தீனி வைங்க." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இவ்வளவு நீளப் புழு இப்ப வந்தது இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் விழறதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். உங்க தப்பு மட்டும் இல்ல."

மருந்து கொடுத்தார். ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகுக்குள் சொட்ட வேண்டும். அளவு தவறக்கூடாது. மூன்று வாரம் கழித்து இன்னொரு தரம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷகீலாவின் கணக்கெல்லாம் ஒன்றுதான். டாக்டர் சொன்னதில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று தன்மேல் வருவது, இன்னொன்று கணவர்மேல் வருவது. மந்தைவெளி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டார். தன் பாதியை மட்டும் சொல்வது.

6

இந்தப் பகுதியில் எனக்கும் என் பாத்திரத்துக்கும் தகராறு.

எனக்குப் பீர் முஹம்மது குறைந்தது இரண்டு பக்கமாவது பிடிவாதம் பிடிக்க வேண்டும். "என் புறாவுக்குப் பூச்சியா?" என்று கர்ஜிக்க வேண்டும். ஒரு கோப்பையாவது உடைய வேண்டும். எழுதியும் விட்டேன். ஷகீலா கேட்டுவிட்டு, "இது யாரு மேடம்? நம்ம வூட்டுக்காரரா?" என்றார்.

நடந்தது இது. ஷகீலா வாளித் தண்ணீரைச் சொன்னார், தரைத் தானியத்தைச் சொன்னார். அவர் திட்டவில்லை. மருந்துப் பாட்டிலைப் பார்த்ததும் மட்டும் முகம் மாறியது.

"மருந்து வாணாம்மே."

"ஏன்?"

"தௌஃபீக் குட்தான் ஒருவாட்டி. பாதிக் கூண்டு காலி. எல்லாம் கக்கிக் கக்கி வுயிந்திச்சி. நானும் கூட இருந்து பாத்தேன். வாணாம், தானா சரியாப்பூடும்."

தௌஃபீக் அவருடைய சிநேகிதர், திருவல்லிக்கேணியில் புறா வளர்ப்பவர். எதையோ எவ்வளவோ கலந்து கொடுத்திருக்கிறார்.

"தானா சரியாவாது," என்றார் ஷகீலா. "நெஞ்செலும்பு கத்தி மாரி நீட்டிக்கினு கீது."

"அது எப்டி உனக்குத் தெரியும்?"

"தொட்டுப் பாத்தேன்."

பீர் முஹம்மது நிமிர்ந்து பார்த்தார். "நீ தொட்டியா? சுர்மாவ?"

"பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா மேலதான் போனேன். உள்ள கைய வுட்டுத் தொட்டேன்."

அவர் ஷகீலாவின் கையைப் பார்த்தார். பிறகு, "எப்டி இருந்திச்சி?" என்றார்.

"சூடா இருந்திச்சி."

டீ ஆறுவதற்குள் அவர் சம்மதித்துவிட்டார். என்னுடைய இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. ஒரு கதாசிரியைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது, கோப்பையும் உடையவில்லை.

7

மறுநாள் காலை. செங்கல்லில் போன். போனில் அவர்.

"ரெண்டு காலையும் உன் ரெண்டு வெரலுக்கு நடுவுல புடி. கட்டவெரலு ரெக்க மேல. அமுக்காத. பூ புடிக்கிற மாரி இல்லமே, பஸ் கம்பி புடிக்கிற மாரியும் இல்ல. நடுவுல."

"நடுவுலன்னா எப்டி?"

"என் கைய எப்டிப் புடிப்ப? அப்டி."

"நான் எப்ப உன் கையப் புடிச்சேன்?"

"ஆஸ்பத்திரில புடிச்சிக்கினு இருந்தியே."

ஷகீலா முதல் புறாவைப் பிடித்தார். சொட்டினார். விட்டார். இரண்டாவது தப்பிப் பறந்து தலையில் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கீழே கட்டிலில் அவர் சிரிக்கிற சிரிப்பு போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது. ஐந்தாறு ஆனதும் கை பழகிவிட்டது. அவர் சொல்வதற்கு முன்பே விரல்கள் போய் நின்றன. கடைசியாகத்தான் சுர்மா. கனமே இல்லை. கொடுத்து முடித்து நிழலில் விட்டார்.

சற்று நேரத்தில் சுர்மா கழுத்தை நீட்டி, உலுக்கி, கக்கியது. மறுபடி கக்கியது. சிறகு தொங்கிப்போயிற்று.

"இன்னா சத்தம்?" என்றது போன். "ஷகீ, இன்னா சத்தம் அது?"

ஷகீலா புறாவை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். போனில் இப்போது கட்டில் காலியாகத் தெரிந்தது. பிறகு படிக்கட்டிலிருந்து சத்தம் வந்தது. தொம். ஒரு இழுப்பு. தொம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். பீர் முஹம்மது படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். லுங்கியெல்லாம் தூசி.

"பைத்தியமா உனுக்கு? கால மறுபடியும் ஒடச்சிக்கினியானா?"

"குடு இங்க."

இறங்கிப்போய் அவர் மடியில் புறாவை வைத்தார். அவர் அதன் தொண்டையைத் தடவினார், அலகைப் பிரித்துப் பார்த்தார், காதோடு வைத்துக் கேட்டார். ஷகீலா ஒரு படி கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கக்குவது மருந்தின் கசப்பால் என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னார். அவர் தலையாட்டினார். நம்பினாரோ என்னவோ.

"என்னாலதான்," என்றார் ஷகீலா. "தண்ணிய ஊத்தி ஊத்தி நான்தான் இப்டிப் பண்ணிட்டேன்."

"இல்லமே."

"டாக்டரம்மாவே சொன்னாங்க."

"உனுக்குத் தெரியாது. நான் வுயிந்தன்ல, அதுக்கு முன்னாலியே இது மெலிஞ்சிக்கினு வந்திச்சி. நான் பாத்தேன். பாத்தும் பாக்காத மாரி இருந்தேன். என் புறாக்கு ஒண்ணும் வராதுன்னு ஒரு திமிரு. அன்னிக்கி அது தொட்டி மேல போயி ஒக்காந்துக்கினு எறங்கவே இல்ல. அதப் புடிக்கத்தான் ஏணில ஏறினேன். தண்ணி பாக்க இல்ல."

ஷகீலா அவரையே பார்த்தார்.

"எனுக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "முன்னாலியே பூச்சி இருந்திருக்கும்னு அவுங்க அதையுஞ் சொன்னாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"கால் ஒடைஞ்சி கெடக்குற. மனசும் ஒடையணுமா?"

பாதிப் படிக்கட்டில் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மடியில் சுர்மா மறுபடி ஒருமுறை உலுக்கியது, பிறகு அவர் லுங்கியை நனைத்தது. பார்த்தால் அதில் ஐந்தாறு புழு.

"வந்திடுச்சிமே! வந்திடுச்சி!" என்று பீர் முஹம்மது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

8

[இங்கே ஒரு பத்தி இருந்தது. தாம்பத்தியம் என்பதும் ஒரு குடல் என்றும், சொல்லாமல் விட்டவையே அதில் புழுக்களாக— என்றும் போயிற்று. எழுதிய அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஷகீலா முழுசாகக் கேட்டுவிட்டு, "புழு புழுதான மேடம்," என்றார். எடுத்துவிட்டேன். அந்தப் புழு புறாவின் குடலில் மட்டும்தான் இருந்தது.]

9

முடிவுகள்.

முதலில் எழுதியது: அன்று மாலையே சுர்மா இறந்துவிடுகிறது. கனமான கதைகளில் யாராவது சாக வேண்டும் என்று எனக்கு ஒரு பழக்கம். ஷகீலாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்லா கீற புறாவ ஏன் மேடம் சாவடிக்கிறீங்க?"

அவர் சொன்னதுதான் நடந்தது. ஊறவைத்த பச்சைப்பயறை ஷகீலா கையாலேயே ஊட்டினார். கூண்டுத் தரை காய்ந்தது. எச்சத்தை அன்றன்றைக்குச் சுரண்டி வாரி எரித்தார்கள். தீனி தட்டுக்குப் போயிற்று. இரண்டாவது தரம் மருந்து கொடுத்தபோது ஒரு புறாவும் கைதப்பிப் பறக்கவில்லை, ஒன்றும் கக்கவும் இல்லை. சுர்மாவின் நெஞ்செலும்பு மெல்ல மெல்லச் சதைக்குள் மறைந்தது. ஒரு காலை அது தானாக எழும்பி, சந்துக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ஷகீலா போனை ஆகாயத்துக்குக் காட்டினார். கீழே கணவருக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்ததாம். இருந்தும் "பாத்தேன், பாத்தேன்" என்றிருக்கிறார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கட்டுப் பிரித்த பிறகு நடந்ததை ஷகீலா போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

கட்டுப் பிரித்தாயிற்று. சில வாரம் நடந்து பழகியும் ஆயிற்று. இனித் தாராளமாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஷகீலா தானியக் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். பீர் முஹம்மது வாங்கவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கி ஒரு மாரி வலிக்கிதுமே. நீயே போயிட்டு வந்துடேன்," என்றார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் தெருமுனை டீக்கடைவரை போய்த் திரும்பியிருந்தார்.

"அப்புறம்?" என்றேன்.

ஷகீலா என் இன்னொரு புடவையை மடித்துக் கவரில் போட்டார்.

"வலின்னு அவர் சொன்னது நிஜமா? நீங்க போனீங்களா, இல்ல அவரையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனீங்களா? நான் ரெண்டு விதமாவும் எழுதி வச்சிருக்கேன். எது சரின்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் தப்பு," என்றார் ஷகீலா. முகத்தில் சிரிப்பு. "அது எங்க வூட்டு விசயம் மேடம்."

அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள். நான் நிறுத்துகிற இடம் இது:

காலை வெயில் இன்னும் சந்துக்குள் இறங்கவில்லை. மேலே புறாக்கள் பசியில் முனகுகின்றன. கட்டிலில் சாய்ந்திருக்கிற பீர் முஹம்மது வராத வலிக்கு முகத்தைச் சுளிக்கிறார். தானியக் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷகீலா அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு,